சிறையிற் கண்ட நிறைவு

துன்பம் என்பது ஒரு நாட்டிற்கோ, ஒரு குலத்திற்கோ, ஒரு காலத்திற்கோ மட்டும் உரியதன்று. மாளிகையில் வாழ்வோர்க்கும் அஃது உண்டு. குடிசையில் வாழ்வோர்க்கும் உண்டு. கற்றோரும் அதனினின்று தப்பியதில்லை, கல்லாதோரும் தப்பியதில்லை. ஆகவே, துன்பம் வருமா வராதா என்பது அறிவுடையார் கேட்கும் வினா அன்று. வந்தபோது மனிதன் எதனைப் பற்றிக்கொண்டு நிற்பது என்பதே வினா. இவ்வினாவிற்கு உலகப் பெருஞ்சமயங்கள் யாவும் தத்தமக்குரிய முறையில் விடை தந்துள்ளன. வள்ளுவப் பெருந்தகையும் ‘இடுக்கண் அழியாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். கிறித்தவ சமயம் இதற்குத் தரும் விடை யாது, அவ்விடை ஏட்டளவில் நில்லாமல் மனிதர் வாழ்க்கையில் எவ்வாறு பயன் தந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வயிறு நிறைந்த வேளையில் மனநிறைவைப் பற்றிப் பேசுவது எளிது. அப்பேச்சின் உண்மையை அளந்து பார்க்க வேண்டுமானால், பசியும் தனிமையும் அச்சமும் சூழ்ந்த இடத்தில் அளந்து பார்த்தல் வேண்டும். ஆதலால் இரண்டு சிறைக்கூடங்களை நாம் எடுத்துக்கொள்வோம். ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமப் பேரரசின் சிறை. அதில் இருந்தவர் பவுலடிகள். மற்றொன்று, 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டுப் பெட்போர்டு நகரத்துச் சிறை. அதில் இருந்தவர் ஜான் பன்யன்.

பவுலடிகள் பல ஊர்களிலும் இருந்த கிறித்தவ சபைகளுக்குத் திருமுகங்கள் வரைந்தவர். அவற்றுள் ஒன்று மாசிதோனிய நாட்டிலிருந்த பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதியது. நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறு திருமுகம் அது. அதனை அவர் எழுதிய காலத்தில் சிறைக்காவலில் இருந்தார். அச்சிறை உரோமாபுரியில் இருந்தது என்பது மரபு வழிச் செய்தி. வழக்கின் முடிவு விடுதலையோ மரணமோ என்பது அவருக்குத் தெரியாது. பிலிப்பி நகரத்து அன்பர்கள் அவருடைய தேவைக்கெனப் பொருள் திரட்டி, எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வந்தவர் நோய்வாய்ப்பட்டுச் சாகும் நிலைக்குச் சென்று பிழைத்தார். அவர் திரும்பிச் செல்லும்போது பவுலடிகள் அவர் வழியாக அனுப்பிய நன்றி மடலே இத்திருமுகம்.

சிறையிலிருந்து வந்த மடலில் முறையீடும் புலம்பலும் மிகுந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் இம்மடலில் மகிழ்ச்சி என்னும் சொல்லே மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. இறுதிப் பகுதியில் ஆசிரியர் தம் மனநிலையை விளக்குகிறார். வறுமையில் வாழவும், வளத்தில் வாழவும், உண்டு நிறைந்திருக்கவும், பட்டினி கிடக்கவும் தாம் பயின்றுகொண்டதாகவும், எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கும் கல்வியைப் பெற்றதாகவும் கூறுகிறார். இங்கே மாணவர்கள் கருதத் தக்கது ஒன்றுண்டு. மனநிறைவு தமக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம் என்று அவர் சொல்லவில்லை. கற்றுப் பெற்றதாகச் சொல்கிறார். கணக்கையும் இலக்கணத்தையும் போல அதுவும் நாளடைவில், தவறியும் தேறியும் பயிலத் தக்க ஒரு பாடமே என்பது அவர் கருத்து.

மனநிறைவைக் குறிக்க அவர் கையாண்ட கிரேக்கச் சொல், ஸ்டாயிக் தத்துவ ஞானிகளிடையே பெருவழக்காக இருந்த சொல். புறப்பொருள் எதனையும் சாராமல், தன் அறிவின் திண்மையாலேயே தனக்குத் தான் போதுமானவனாக நிற்பதை அவர்கள் அச்சொல்லாற் குறித்தார்கள். பவுலடிகள் சொல்லை ஏற்றுக்கொண்டார், பொருளை மாற்றினார். தமக்குத் தாமே போதும் என்று அவர் நிற்கவில்லை. தம்முள் வலிமை ஊட்டுகின்ற கிறிஸ்துவினால் எதனையும் தாங்க வல்லவரானதாகக் கூறினார். ஸ்டாயிக் ஞானியின் உறுதி பாறையின் உறுதி போன்றது. பவுலடிகள் காட்டும் உறுதியோ வேரூன்றிய மரத்தின் உறுதி போன்றது. பாறை எதனையும் வேண்டி நிற்பதில்லை. மரமோ மண்ணின் நீரை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே நிற்கிறது. கிறித்தவர் கூறும் வலிமை இவ்வாறு பெற்றுக்கொள்ளும் வலிமையாகும்.

அவ்வலிமையைத் தருகின்ற இறைவனைக் கிறித்தவர் எத்தகையவராகக் காண்கின்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். துன்பத்திற்கு அப்பால் எட்டாத உயரத்தில் அமர்ந்து நோக்குகின்ற கடவுளாக மட்டும் அவர்கள் காணவில்லை. மனிதராய்ப் பிறந்து, நண்பரால் கைவிடப்பட்டு, பொய்வழக்கிற்கு ஆளாகி, சிலுவையில் உயிர் நீத்தவராகவும் அவரைக் காண்கின்றனர். தன் வேதனையைத் தானும் பட்டறிந்த ஒருவர் தன் அருகில் இருக்கிறார் என்னும் உணர்வே துன்புறும் கிறித்தவனுக்கு முதல் ஊன்றுகோல். சிலுவைக்குப் பின் உயிர்த்தெழுதல் உண்டு, ஆதலால் துன்பம் கதையின் கடைசி ஏடு அன்று என்னும் நம்பிக்கை அவனுக்கு இரண்டாவது ஊன்றுகோல்.

இனி இரண்டாவது சிறைக்குச் செல்வோம். ஜான் பன்யன் 1628-ஆம் ஆண்டு பெட்போர்டு நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தை ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துச் சீர்செய்யும் தொழிலாளி. மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். உயர்கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. 16-ஆம் வயதில் தாயையும் தங்கையையும் இழந்தார். அக்காலத்து உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையில் சேர்ந்தார். திருமணம் ஆனபோது கணவன் மனைவி இருவரிடமும் தட்டுமுட்டுச் சாமான்கள்கூட இல்லை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு சமய நூல்களே. முதற்பிள்ளையாகிய மேரி கண்பார்வை இல்லாமற் பிறந்தாள். நான்கு மக்களை விட்டு அம்மனைவியும் 1658-இல் இறந்தார். அடுத்த ஆண்டில் எலிசபெத் என்னும் பெண்மணியைப் பன்யன் மறுமணம் செய்துகொண்டார்.

இதற்கிடையில் அவர் ஊர் ஊராகச் சென்று எளிய மக்களுக்குச் சமய உரை நிகழ்த்தி வந்தார். 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரசுகட்டில் ஏறினார். அரசாங்கத் திருச்சபையின் உரிமம் பெறாதவர்கள் உரை நிகழ்த்துவதும், அத்திருச்சபைக்குப் புறம்பாகக் கூடி வழிபடுவதும் குற்றம் எனக் கொள்ளப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பன்யன் கைதானார். இனி உரை நிகழ்த்துவதில்லை என்று ஒரு வாக்குறுதி கொடுத்தாற் போதும், வீட்டிற்குச் செல்லலாம். அவ்வொரு வாக்குறுதியை அவர் கொடுக்கவில்லை. மூன்று மாதச் சிறை என்று தொடங்கிய தண்டனை ஏறக்குறைய 12 ஆண்டுகள் நீண்டது.

அவருக்குச் சிறை துன்பமாகத் தோன்றவில்லை என்று யாரும் எண்ணிவிடலாகாது. சிறையிலிருந்தே அவர் எழுதி 1666-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் தம் நெஞ்சத்தைத் திறந்து காட்டுகிறார். மனைவி மக்களைப் பிரிந்தது எலும்பினின்று தசையைப் பிய்ப்பது போன்றிருந்தது என்கிறார். எல்லாரினும் மேலாகக் கண்ணில்லாத தம் மகளை நினைந்து உருகுகிறார். அவள் பசியிலும் குளிரிலும் வாட நேருமே என்னும் எண்ணம் அவர் இதயத்தைப் பிளந்தது. தூக்குமேடைக்குச் செல்ல நேருமோ என்று அஞ்சினார்; அந்நேரத்தில் கால்கள் நடுங்கி, தாம் கொண்ட கொள்கைக்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என்று அதனினும் மிகுதியாக அஞ்சினார். பல வாரங்கள் எவ்வகை ஆறுதலும் கிட்டவில்லை. இறுதியில், இறைவன் ஆறுதல் அளித்தாலும் அளிக்காவிட்டாலும் உண்மையைக் கைவிடுவதில்லை என்று துணிந்தார். அத்துணிவு பிறந்த பின்னரே அமைதி வந்தது என்று அவரே எழுதுகிறார்.

இச்செய்தி ஆழ்ந்து எண்ணத் தக்கது. முதலில் மனம் அமைதி அடையட்டும், பிறகு கடமையைச் செய்வோம் என்று நாம் காத்திருக்கிறோம். பன்யன் கண்ட முறை இதற்கு மாறானது. கடமையில் அடியெடுத்து வைத்தார்; அமைதி பின்தொடர்ந்து வந்தது. நம்பிக்கை என்பது அச்சமே தோன்றாத மனநிலை என்று கொள்வது பிழை. அஞ்சிக்கொண்டே நேர்வழியில் நிற்கச் செய்யும் ஆற்றலே நம்பிக்கை.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தும் கைத்தொழிலைச் செய்து, அதன் வருவாயால் குடும்பத்திற்கு உதவினார். உடனிருந்த கைதிகளுக்கு உரை நிகழ்த்தினார். வேதாகமத்தையும், கிறித்தவ இரத்த சாட்சிகளின் வரலாறு கூறும் பாக்ஸ் என்பாரின் நூலையும் மீண்டும் மீண்டும் கற்றார். நூல்கள் எழுதினார். வெளியில் பெட்போர்டு சபையாரும் அன்புள்ளம் படைத்த பிறரும் அவர் குடும்பத்திற்குத் துணை நின்றனர். இறைவழிபாடு, உழைப்பு, கல்வி, அன்பர் துணை ஆகிய இந்நான்கும் அவருடைய மனநிறைவைத் தாங்கிய தூண்கள். நம்பிக்கை வானத்திலிருந்து திடீரென்று விழும் மருந்தன்று. இத்தகைய அன்றாடப் பழக்கங்களின் வழியாகவே அது மனிதனுள் ஊறி நிற்கிறது.

எலிசபெத் அம்மையாரை மறந்துவிடுதல் நன்றி மறத்தலாகும். கணவர் கைதான அதிர்ச்சியில் அவருக்குக் குறைப்பேறு நிகழ்ந்து, பிறந்த குழந்தை இறந்தது. அவ்வளவு துயரத்திற்கிடையிலும் அந்த இளம் பெண்மணி கணவரின் விடுதலைக்காக இலண்டன் மாநகருக்குச் சென்று விண்ணப்பம் கொடுத்தார். 1661-இல் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகளின் முன் தனியே சென்று நின்று வழக்காடினார். பராமரிக்க வேண்டிய சிறுவர்கள் நால்வர் என்பதையும், அவர்களுள் ஒருத்தி பார்வை அற்றவள் என்பதையும், பிறர் தருமத்தால் பிழைத்து வருவதையும் எடுத்துரைத்தார். நீதிபதிகளுள் மத்தேயு ஹேல் என்பவர் இரக்கத்தோடு கேட்டுச் சட்டப்படி செய்யத் தக்கவற்றை எடுத்துச் சொன்னார். எனினும் விடுதலை கிட்டவில்லை. ஆயினும் கணவர் கொள்கையை விட்டுக்கொடுத்து வரட்டும் என்று அவர் கேட்டதில்லை.

இவ்விடத்தில் நேர்மையான ஐயம் ஒன்று எழுதல் கூடும். இருப்பது போதும் என்று மனநிறைவு கொள்ளச் சொல்வது, அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாகாதா? ஏழையை ஏழையாகவே வைத்திருக்க வல்லார் கையாளும் சூழ்ச்சியாகாதா? இவ்வையத்தைப் புறக்கணித்தல் தகாது. சமயத்தின் பெயரால் அவ்வாறு செய்தவர்களும் வரலாற்றில் உண்டு. ஆனால் நாம் கண்ட சான்றோர்கள் அவ்வழியில் நடக்கவில்லை. பவுலடிகளும் அவருடைய தோழர் சீலாவும் அதே பிலிப்பி நகரத்தில் முன்னொருமுறை விசாரணை இன்றி அடிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டனர். நள்ளிரவில் அவர்கள் இறைவனைப் பாடித் துதித்தனர் என்று அப்போஸ்தலர் வரலாறு கூறுகிறது. அது மனநிறைவு. விடிந்ததும் அதிகாரிகள், ஓசையின்றி ஊரை விட்டுச் செல்லுமாறு சொல்லி அனுப்பினர். உரோமக் குடிமக்களாகிய தங்களை விசாரியாமல் வெளியரங்கமாக அடித்தவர்கள் நேரில் வந்தே அழைத்துச் செல்லட்டும் என்று பவுலடிகள் மறுமொழி அனுப்பினார். அதிகாரிகள் அஞ்சி, நேரில் வந்து வேண்டிக்கொண்டனர். நள்ளிரவிற் பாடிய வாயே விடியற்காலையில் நீதி கேட்டது. எலிசபெத் அம்மையாரும் விண்ணப்பத்தைக் கையிலேந்தி நீதிபதியின் முன் நின்றார்; பன்யனோ சட்டத்திற்குப் பணிந்து வாய்மூட மறுத்தார். கிறித்தவ மனநிறைவு மனிதனை ஊமையாக்குவதன்று. வெறுப்பும் நடுக்கமும் இன்றி அவனைப் பேச வைப்பது.

1672-இல் அரசர் வெளியிட்ட சமயச் சலுகை அறிக்கையால் பன்யன் விடுதலை பெற்றார். பெட்போர்டு சபைக்கு மேய்ப்பரானார். பின்னரும் சில மாதங்கள் சிறையிருக்க நேர்ந்தது. 1678-இல் அவருடைய ‘மோட்சப் பயணம்’ வெளிவந்தது. சிறைவாசத்தில் கருக்கொண்ட அந்நூல் 200-க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. பாவச் சுமையை முதுகில் சுமந்த கிறிஸ்தியான் என்பவன், அழிவு நகரத்தை விட்டு வான் நகரத்தை நோக்கி நடந்து செல்லும் உருவகக் கதை அது.

அதில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் காண்போம். கிறிஸ்தியானும், நம்பிக்கை என்னும் பெயருடைய அவன் தோழனும், கால் நோகிறது என்று நேர்வழியை விட்டு மெத்தென்ற புல்வெளி வழியாக நடக்கின்றனர். மழையும் இருளும் சூழ, வழி தவறுகின்றனர். மனமுறிவு என்னும் அரக்கன் அவர்களைப் பிடித்துத் தன் ஐயக் கோட்டையில் அடைக்கிறான். புதன்கிழமை முதல் சனிக்கிழமை வரை உணவும் நீரும் ஒளியும் இல்லை. அரக்கன் அடிக்கிறான், உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரையும் கூறுகிறான். கிறிஸ்தியான் தளர்கிறான். அப்போது அவனைத் தடுத்து நிறுத்துவது தோழனே. முன்பு கடந்து வந்த இடையூறுகளை நினைவூட்டி, இன்னும் சிறிது பொறுத்திரு என்கிறான். சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் வேண்டுதல் செய்யத் தொடங்குகின்றனர். பொழுது புலரும் வேளையில் கிறிஸ்தியானுக்குத் திடீரென்று ஒன்று நினைவிற்கு வருகிறது. வாக்குறுதி என்னும் திறவுகோல் அவன் மார்பிலேயே இருந்தது! அதனால் கதவுகள் திறக்கின்றன, இறுதி இரும்புக் கதவு மட்டும் எளிதில் திறக்கவில்லை, எனினும் திறந்தது.

திறவுகோல் புதிதாக வந்ததன்று. முன்பே அவனிடம் இருந்தது. துன்பம் மனிதனுக்குச் செய்யும் பெருந்தீங்கு அவனிடம் உள்ளதை அவன் மறக்கச் செய்வதே. வேண்டுதலும் தோழமையும் அம்மறதியை நீக்குகின்றன. மனமுறிவு தரும் அறிவுரையைத் தனியே இருந்து கேட்கலாகாது என்பதையும் பன்யன் உணர்த்துகிறார். இளைஞர்கள் இதனைக் கருத்திற் பதித்தல் நலம். இருள் மிகும்போது வாய்திறந்து ஒரு தோழனிடமோ, பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, மருத்துவரிடமோ பேசுவது இழிவன்று. அதுவே கதவைத் திறக்கும் முதல் முயற்சி.

1684-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில் மற்றொரு காட்சி உண்டு. தாழ்மைப் பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் கந்தை உடுத்து, ஆனால் முகம் மலர்ந்து, தனியே அமர்ந்து பாடுகிறான். உள்ளது சிறிதாயினும் பெரிதாயினும் போதும் என்பது அவன் பாட்டின் கருத்து. பட்டும் பீதாம்பரமும் உடுத்தவனைவிட மனஆறுதல் என்னும் மூலிகை இச்சிறுவன் மார்பிலேயே மிகுதி என்று வழிகாட்டி கூறுகிறான். அன்று மார்பில் இருந்தது திறவுகோல்; இங்கே மார்பில் இருப்பது மூலிகை. வலிமையும் நிறைவும் வெளியில் தேடிப் பெறுவன அல்ல, உள்ளத்தில் வைத்துக் காக்கத் தக்கவை என்பதே ஆசிரியர் கருத்துப் போலும்.

இந்நூல் தமிழகத்திற்கும் உறவுடையது. 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவக் குடும்பத்திற் பிறந்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. தமிழ் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுச் சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். பன்யனின் கதையைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தில் கம்பரின் நடைநலம் கமழ்வதால், ஆசிரியரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றுவர். மூலக்கதையில் விரிவாக இடம்பெறாத இயேசுபெருமானின் பாடுகளையும் மரணத்தையும் கிருஷ்ணபிள்ளை விரித்துப் பாடினார். துன்புறுவோனுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைத் தமிழ்நெஞ்சத்திற்கு உணர்த்த அப்பகுதி இன்றியமையாதது என்று அவர் கருதினார் போலும். இங்கிலாந்தில் ஓட்டைப் பாத்திரம் அடைத்த ஒரு தொழிலாளி சிறையிற் கண்ட நிறைவு, இருநூறு ஆண்டு கடந்து தாமிரபரணிக் கரையிலே தமிழ்க் காப்பியமாகப் பூத்தது.

மாணவ நண்பர்களே! உங்களுள் பல சமயத்தினரும் உளர். கிறித்தவர் அல்லாதாரும் இவ்வரலாற்றிலிருந்து அறியத் தக்கவை பல. நம்பிக்கை பவுலடிகளின் விலங்கை உடனே உடைத்துவிடவில்லை. பன்யனின் சிறைவாசத்தை ஒரு நாளேனும் குறைக்கவில்லை. எலிசபெத்தின் குழந்தையை உயிர்ப்பிக்கவுமில்லை. அது செய்தது வேறு. விலங்கிட்ட கை நன்றி மடல் எழுதிற்று. சிறைப்பட்ட கை நாடாக்களுக்கு முனை பொருத்திக் குழந்தைகளுக்குச் சோறு அனுப்பிற்று. துயருற்ற தாய் நீதிபதியின் முன் நிமிர்ந்து நின்றாள். துன்பத்தின் நடுவிலும் அன்பு செய்யவும், உழைக்கவும், உண்மை பேசவும் வல்லவராக அவர்களை வைத்திருந்ததே அந்நம்பிக்கையின் பயன்.

தேர்வில் தோல்வி, வீட்டில் வறுமை, அன்புடையார் பிரிவு என்று துன்பங்கள் உங்களையும் நாடி வரக்கூடும். அந்நாளில் முதற்கண் கேட்க வேண்டிய வினா, இத்துன்பம் எப்போது நீங்கும் என்பதன்று; இது நீங்கும்வரை நான் யாருக்கு எவ்வகையில் பயன்படுவேன் என்பதே. பெட்போர்டுச் சிறையில் இவ்வினாவிற்கு விடை காண முயன்ற ஒருவர், தம் கண்ணில்லாத மகளுக்கு நாடாக்களுக்கு முனை பொருத்தியே உணவளித்தார். உலகிற்கு ஒரு நூலையும் தந்து சென்றார்.